அறுப்பு தட்டில் முடியட்டும்



அறுப்பின் பண்டிகை என்றதும் நம் பெற்றோருக்கு ஊர் நினைவு வந்துவிடும். ஆலயத்தின் முன்பக்கம் சாய்த்து வைத்த வாழைத்தார், கரும்பு, தேங்காய், பூசணிக்காய். ஆராதனை முடிந்ததும் சிரிப்பும் சத்தமுமாக நடக்கிற ஏலம். திருநெல்வேலிப் பக்கத்தாருக்கு அசனச் சாப்பாடும் சேர்ந்தே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர்களைக் கேட்டால் வளவில் நின்ற முருங்கையையும் கிணற்றடி வாழையையும் சொல்வார்கள்.

வெஸ்ட்கேட்டில் நமக்கும் ஓர் அறுப்புக் காலம் இருக்கிறது. அது பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகிறது. தக்காளி, மிளகாய், பீன்ஸ், கூர்ஜெட், பூசணி எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவியும். அப்போது சில வீடுகளில் நடப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்பா ஆசையாக வளர்த்த காய் பறிக்கப்படும், படம் எடுக்கப்படும், படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். காய் மட்டும் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு வாரம் கிடந்து, வாடி, உணவுக்கழிவுத் தொட்டிக்குப் போகும். பறித்த அன்று இரவு மேசையில் இருந்தது கடையில் வாங்கிய ஃப்ரைட் சிக்கன்.

நடுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் இங்கே பேசப்போவது அதற்கு அடுத்த படியைப் பற்றி: விளைந்ததை எப்போது பறிப்பது, எப்படிப் பத்திரமாகச் சாப்பிடுவது, யாரோடு பங்கிடுவது. செடியில் தொடங்குகிற அறுப்பு தட்டில்தான் முடிய வேண்டும்.

வார்டிலிருந்து பார்த்தால்

நர்ஸ் வேலையில் இருக்கிற நாங்கள் ஒன்றை அடிக்கடி பார்க்கிறோம். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகின்றன. பருமன் அதிகம் இல்லாதவர்களுக்கும் வருகின்றன. இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டுதலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. இதய நோய் வரும் ஆபத்தைக் கணக்கிடும் பரிசோதனையை மற்ற ஆண்களுக்கு 45 வயதில் தொடங்கச் சொல்லும் அந்த வழிகாட்டுதல், தெற்காசிய ஆண்களுக்கு 30 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. பெண்களுக்கு 55 என்று இருப்பது நம் பெண்களுக்கு 40 ஆகிறது. 30 வயது என்றால் நம் வாலிபர் ஐக்கியத்தில் கிட்டார் வாசிக்கிற அண்ணன்மாரின் வயதுதான்.

நியூசிலாந்து சுகாதார அமைச்சு, பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 5 பங்கு காய்கறியும் 2 பங்கு பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது. ஒரு பங்கு என்பது சமைத்த காய் அரைக் கப், ஏறக்குறைய 75 கிராம். நேற்று சாப்பிட்டதை எண்ணிப் பாருங்கள். சாம்பாரில் மிதந்த இரண்டு முருங்கைக்காய்த் துண்டும், பிரியாணிக்குத் தொட்டுக்கொண்ட வெங்காயப் பச்சடியும் சேர்ந்தால் ஒரு பங்கு தேறலாம். நம் சமையலில் காய்கறி வகைகளுக்குக் குறைவில்லை. பொரியல், கூட்டு, அவியல், கடையல், வறை, சம்பல் என்று எத்தனையோ உண்டு. ஆனால் தட்டில் சோறு மலையாக இருக்கும், காய் ஓரமாக ஒரு கரண்டி இருக்கும். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ மீனோ கறியோ முட்டையோ என்று அளவை மாற்றிவிட்டால் அதே அம்மா சமையல் நல்ல மருந்தாகிவிடும்.

தோட்டம் இதற்கு உதவுகிறது. தான் பறித்த பீன்ஸைத் தொட்டுக்கூடப் பார்க்காத பிள்ளை குறைவு. "இது நான் பறித்தது" என்று சொன்ன பிறகு சாப்பிடாமல் எழுந்திருப்பது கஷ்டம். ஆகவே நாங்கள் பெற்றோரிடம் சொல்வது இதுதான்: பறிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நடுவது அப்பாவுடையதாக இருக்கட்டும், களை எடுப்பது தாத்தாவுடையதாக இருக்கட்டும். கூடையும் கத்தரிக்கோலும் உங்கள் கைக்கு வரட்டும்.

தானியேலையும் அவன் தோழர் மூவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வேற்று நாட்டில், வேற்று மொழியில் படித்துக்கொண்டிருந்த வாலிபர்கள் அவர்கள். ராஜாவின் மேசையை வேண்டாமென்று, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்கள் அதைச் செய்தது தேவனுக்குமுன் சுத்தமாக இருப்பதற்காக, டயட்டுக்காக இல்லை. ஆனாலும், எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்பதற்காக நாமும் சாப்பிட வேண்டியதில்லை என்று தீர்மானித்த வாலிபர்கள் அவர்கள்.

நம் காலடியில் இருக்கும் மண்

வெஸ்ட்கேட்டில் கடப்பாரை பிடித்தவர்களுக்குத் தெரியும், இது களிமண். குளிர்காலத்தில் காலில் ஒட்டும், கோடையில் வெடிக்கும். இந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இங்கே பெரிய கவ்ரி மரங்கள் நின்றன. அவை போன பிறகு மண்ணுக்குள் புதைந்திருந்த கவ்ரிப் பிசினைத் தோண்டி எடுக்கப் பல நாட்டார் வந்தார்கள். மாஸி வழியாக நாம் தினமும் போகிற டான் பக் ரோடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பிசின் தோண்டுபவர்களின் முகாமை நடத்திய ஒருவரின் பட்டப்பெயரைத் தாங்கியது. பிசின் தோண்ட வந்த டால்மேஷியர்கள், இன்றைய குரோஷியாவின் கடலோரத்தார், பிறகு இதே மேற்கு ஆக்லாந்தில் திராட்சைத் தோட்டமும் பழத்தோட்டமும் போட்டார்கள். குமேயூ, ஹெண்டர்சன் பக்கத்துத் தோட்டங்களின் தொடக்கம் அங்கேதான். சத்தில்லாத மண் என்று பேர் வாங்கிய நிலத்தைக் குடியேறி வந்தவர்களே கனி தரும் நிலமாக்கினார்கள் என்பது, குடியேறி வந்த நமக்கு நல்ல செய்தி.

நம்மில் பலர் இருப்பது டவுன்ஹவுஸ். பின்பக்கம் துணி காயப்போடும் கம்பிக்கும் வேலிக்கும் நடுவே இரண்டு மீட்டர் இடம் இருக்கும். அது போதும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரைக் கேட்காமல் பாத்தி கட்ட வேண்டாம். தொட்டிகளில் வளர்த்தால் வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம். கறிவேப்பிலை எப்படியும் தொட்டியில்தான் பிழைக்கும். குளிர்காலம் முழுக்க அதை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

நிலத்தில் நேராக நடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய மரவீடுகளின் வெளிச்சுவர்களில் ஈயம் கலந்த பெயிண்ட் அடித்திருப்பார்கள். அது உதிர்ந்து சுவரோர மண்ணில் சேரும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பழத்தோட்ட நிலங்களில் அக்காலத்து மருந்துகளின் மிச்சமும் இருக்கலாம். ஆகவே பழைய வீட்டுச் சுவரோரத்தில் கீரையோ கிழங்கோ போட வேண்டாம். உயரப் பாத்தி கட்டி, நல்ல மண்ணை வாங்கி நிரப்பிக்கொள்வது பாதுகாப்பு. பாத்திக்குப் பலகை வாங்கும்போது, ஆர்சனிக் சேர்ந்த மருந்தில் ஊறவைத்த பலகையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் உட்பக்கம் தடித்த பிளாஸ்டிக் விரித்துக்கொள்ளுங்கள்.

எதை, எப்போது பறிப்பது

ஊர்க் காலண்டரை இங்கே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். அக்டோபர் மாதத்து நான்காம் திங்கட்கிழமை வருகிற லேபர் வீக்எண்டில் தக்காளி நாற்று நடுவது இந்த நாட்டு வழக்கம். குளிர் போய் மண் சூடேறும் சமயம் அது. மிளகாயும் கத்தரியும் அதற்குச் சற்றுப் பின்னால் போனாலும் பரவாயில்லை. உருளைக்கிழங்கைக் குளிர்காலக் கடைசியிலோ வசந்தத் தொடக்கத்திலோ நட்டால் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புதுக்கிழங்கு தோண்டலாம். பூண்டை ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டி ஜூனில் நட்டு, மிக நீண்ட பகலை ஒட்டி டிசம்பரில் பிடுங்குவார்கள். கொத்தமல்லி கோடை வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும். இலையாக வேண்டுமென்றால் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் விதையுங்கள்.

பறிப்பதில் சில பழக்கங்கள் வேண்டும்.

காலையில் பறியுங்கள். இரவுக் குளிர்ச்சி இலையில் இருக்கும்போது பறித்த கீரை வாடாமல் நிற்கும். இந்த நாட்டு வெயிலில் புற ஊதாக் கதிர் மிகக் கடுமை. நடுப்பகலில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் தோட்டத்தில் நிற்காமலிருக்க அதுவும் ஒரு காரணம்.

கூர்ஜெட்டை ஒரு சாண் நீளத்துக்குள் பறித்துவிடுங்கள். நாலைந்து நாள் பார்க்காமல் விட்டால் அது தூண்போல் வளர்ந்து விதையும் நாருமாகிவிடும். பீன்ஸையும் வெள்ளரியையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தால்தான் செடி மறுபடி காய்க்கும். முற்றிய காயைச் செடியில் விட்டால் தன் வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும்.

சில்வர்பீட்டை வேரோடு பிடுங்காதீர்கள். வெளி இலைகளை மட்டும் அடியில் வெட்டி, நடுக்குருத்தை விட்டுவைத்தால் ஒரே செடி மாதக்கணக்கில் கீரை தரும். ஊரில் அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்க விடுவோமே, அதே வழிதான்.

தக்காளி நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து ஜன்னலில் வைக்கலாம். பறவைக்கும் பூச்சிக்கும் தப்பும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுக்காது, மணமும் போய்விடும். பூசணியைக் காம்போடு வெட்டி, ஒன்றிரண்டு வாரம் வெயிலில் காயவிட்டால் குளிர்காலம் வரை இருக்கும். கூமரா மார்ச், ஏப்ரலில் தயாராகும். தோண்டும்போது தோலில் மண்வெட்டி பட்டால் அழுகிவிடும். கையால் தடவி எடுப்பது நல்லது.

பறித்த அன்றே சமைத்தால்

பறித்த நேரத்திலிருந்து காய்கறியில் வைட்டமின் சி குறையத் தொடங்குகிறது. கீரைகளில் அது வேகமாகக் குறையும். கடைக் கீரை லாரியிலும் கிடங்கிலும் அலமாரியிலும் சில நாள் இருந்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. வீட்டுத் தோட்டத்தின் பெரிய லாபம் அந்த நாட்கள் மிச்சமாவதுதான். பறித்துவிட்டு நான்கு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த லாபத்தை நாமே இழக்கிறோம்.

ஆகவே இந்த ஊர்க் காய்க்கு நம் வீட்டுப் பக்குவம் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சில்வர்பீட்டைப் பாசிப்பருப்போடு கடையலாம், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யலாம். கூர்ஜெட், சுரைக்காயும் பீர்க்கங்காயும் செய்கிற வேலையெல்லாம் செய்யும். கூட்டுக்கும் பச்சடிக்கும் நல்லது. பிராட் பீன்ஸை உரித்துப் புளிக்குழம்பில் போட்டால் மொச்சைக் குழம்பின் ருசி வரும். ஏப்ரலில் பழுக்காமல் நின்றுவிட்ட பச்சைத் தக்காளி துவையலாகும். பழுத்துக் குவிந்த தக்காளியை எண்ணெயில் வதக்கித் தொக்காக்குங்கள். தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன், எண்ணெயோடு சமைத்தால் உடலில் நன்றாகச் சேரும்.

தொக்கும் ஊறுகாயும் போடும்போது புளிப்பும் உப்பும் குறையக் கூடாது. பச்சைப் பூண்டையோ மிளகாயையோ வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெயில் பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

இலையெல்லாம் கீரை இல்லை

நம் கண் எந்த இலையைப் பார்த்தாலும் கீரையாகப் பார்க்கும். அது நல்ல கண். முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, கூமராக் கொடியின் தளிர், பூசணிக் கொழுந்து, பூசணிப்பூ எல்லாம் சாப்பிடலாம். பக்கத்து வீட்டார் வீசி எறிவதை நாம் பொரியலாக்கலாம். ஆனால் ருபார்ப் இலை நஞ்சு. அதன் தண்டு மட்டும்தான் உணவு. உருளைக்கிழங்கு இலையும் தக்காளி இலையும் சமையலுக்கு ஆகாது. சேம்பின் இலையும் கிழங்கும் நன்றாக வெந்தால்தான் தொண்டை அரிக்காது.

பச்சையாகிவிட்ட உருளைக்கிழங்கை எறிந்துவிடுங்கள். வெயில் பட்டுப் பச்சையான இடத்தில் சோலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும். வேகவைத்தாலும் அது போகாது.

கூர்ஜெட், வெள்ளரி, சுரைக்காய் இந்த மூன்றையும் சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். பாகற்காய்போல் கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு கூடிப்போனதன் அடையாளம் அந்தக் கசப்பு. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். சமைத்தாலும் போகாது. இந்தியாவில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென நிபுணர் குழு அமைத்து எச்சரிக்கை விடுத்தது. வீட்டில் எடுத்து வைத்த விதையில் அலங்காரப் பூசணி மகரந்தம் கலந்திருந்தால் இப்படி ஆகலாம். கசப்பு உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல் பாகற்காயோடு நிற்கட்டும்.

யாராவது எதையாவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் தேசிய நஞ்சு மையத்தை 0800 764 766 என்ற எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம்.

பையைத் திறக்குமுன்

தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் நாங்கள் கெஞ்சிச் சொல்கிற ஒன்று உண்டு. கடையில் வாங்கும் கம்போஸ்ட் பையிலும் பாட்டிங் மிக்ஸ் பையிலும் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் படியுங்கள். அந்தத் தூளில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற கிருமி இருக்கலாம். தூசியாகப் பறந்து மூச்சில் போனால் லெஜியனேர்ஸ் நோய் என்ற கடுமையான நிமோனியா வரும். நியூசிலாந்தில் இந்த நோய்க்கு முக்கியக் காரணமே தோட்ட மண்ணோடு சேர்ந்த இந்தக் கிருமிதான். எல்லாரும் தோட்ட வேலையைத் தொடங்குகிற வசந்தத்திலும் கோடையிலும்தான் இது கூடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கி, பேரப்பிள்ளைகளுக்காக ஆசையாகத் தோட்டம் போடுகிற தாத்தா பாட்டிமார் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. பையை வெளியில், காற்றோட்டமான இடத்தில் வைத்துத் திறங்கள். கிழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள். தூசி பறக்காமல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் டாக்டரிடம் போய், "கம்போஸ்ட் கையாண்டோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் உரிய பரிசோதனையை எடுக்க யோசிப்பார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் ஹெல்த்லைன் எண் 0800 611 116, பேச இலவசம்.

கருவுற்ற தாய்மார் தோட்டத்தில் கையுறை இல்லாமல் வேலை செய்ய வேண்டாம். பூனைக் கழிவு மூலம் மண்ணில் சேரும் டாக்ஸோபிளாஸ்மா குழந்தையைப் பாதிக்கலாம். கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சாப்பிட வேண்டும்.

வெள்ளம் வந்தால் கதை வேறு. 2023 ஜனவரி 27 அன்று ஆக்லாந்தில் ஒரு கோடை முழுவதற்கும் உரிய மழை ஒரே நாளில் கொட்டியது. நான்கு பேர் இறந்தார்கள். நம் மேற்குப் பகுதியிலும் பல வீடுகளுக்குள் தண்ணீர் போனது. தக்காளியும் பீன்ஸும் காய்த்துக் குலுங்குகிற வாரம் அது. வெள்ளநீர் பட்ட தோட்டத்துக் காய்களைச் சாப்பிட வேண்டாம் என்று அப்போது சுகாதாரத் துறையினர் அறிவித்தார்கள். சாக்கடை கலந்த நீர் அது. இலையிலும் பழத்திலும் உள்ள கிருமி கழுவினால் போய்விடும் என்று நம்ப முடியாது. வளர்த்த கைக்கு அது எவ்வளவு வலி என்று தெரியும். ஆனாலும் வெள்ளம் தொட்டதை எறிந்துவிடுவதுதான் சரி.

பெட்டிக்குள் வரும் விதை

ஊருக்குப் போய்த் திரும்பும்போது அத்தை ஒரு சிறு பொட்டலம் தருவார். உள்ளே கீரை விதை. "சட்டைக்குள் சுற்றி வை, யாரும் பார்க்கமாட்டார்கள்" என்பார். அன்போடு சொல்வதுதான். ஆனால் இந்த நாட்டின் எல்லையில் விதை, பழம், காய்கறி, செடி எதுவாயிருந்தாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். அறிவித்துவிட்டால் அபராதம் இல்லை. அதிகாரி பார்த்து அனுமதிப்பார், அல்லது எடுத்துக்கொள்வார்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2016-இல் வைராரபா பகுதியில் பட்டாணி வண்டு என்ற பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழிக்க அந்தப் பகுதியில் பட்டாணி நடுவதையே தடைசெய்தார்கள். வீட்டுக் கொல்லையில் நாலு கொடி வைத்திருந்தவர்களும் நடக் கூடாது. 2020-இல்தான் அது ஒழிந்ததென்று அறிவித்துத் தடையை நீக்கினார்கள். 2015-இல் ஆக்லாந்தின் க்ரே லின் பகுதியில் குயின்ஸ்லாந்து பழ ஈ அகப்பட்டபோது, அந்த வட்டாரத்து வீட்டுத் தோட்டப் பழங்களையும் காய்களையும் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை வந்தது. அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதே சிக்கலாகிவிட்டது.

வெண்டை, பாகல், வெந்தயம் விதைகள் இங்குள்ள விதை வியாபாரிகளிடமே கிடைக்கின்றன. சிறு பொட்டலத்தில் உண்மையாயிருப்பதும் உண்மையாயிருப்பதுதான். படிவத்தில் "இல்லை" என்று அப்பா எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளை அதிலிருந்தும் ஒன்று கற்றுக்கொள்ளும்.

ஓரத்தை விட்டுவையுங்கள்

லேவியராகமத்தின் அறுப்புச் சட்டம் ஞாயிறு பள்ளியிலேயே நமக்குத் தெரியும். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கக் கூடாது, சிந்தினதைப் பொறுக்கக் கூடாது. அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. ரூத் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான். அவளும் வேற்று நாட்டிலிருந்து வந்தவள்.

இரண்டு மீட்டர் பாத்திக்கு ஓரம் எங்கே என்று கேட்கலாம். பறித்த கூடைக்கு ஓர் ஓரம் உண்டு. மாவோரி மொழியில் உணவுக்கு "காய்" என்று பேர். உணவுத் தோட்டம் "மாரா காய்". நமக்கு இதைக் கேட்டாலே சிரிப்பும் சொந்தமும் வரும். தெருவோரத்தில் சிறு பெட்டிபோல் நிற்கும் "பாடக்கா காய்" அலமாரிகளில் யாரும் வைக்கலாம், தேவைப்பட்டவர் கேட்காமல் எடுக்கலாம். மாடாரிகி விண்மீன்களில் துபுஆனுகு என்ற ஒன்று மண்ணுக்குள் விளையும் உணவுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. விளைச்சலுக்கு நன்றி சொல்வதும் பங்கிடுவதும் இந்த மண்ணில் நமக்கு முன்பே இருக்கிற பழக்கம்.

எங்கள் தெருவில் சாமோவாக் குடும்பத்துக்கு மிளகாய் கொடுத்தோம், சேப்பங்கிழங்கு வந்தது. கொரியப் பாட்டிக்குக் கூர்ஜெட் கொடுத்தோம், முள்ளங்கி வந்தது. மூன்று ஆண்டு கையசைத்துவிட்டுப் போனவர்களின் பேர் ஒரு பை காயால் தெரியவந்தது.

பங்கிடும்போது நர்ஸ்மாராகிய நாங்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறோம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் பெரியவர்களுக்குத் திடீரென்று இரண்டு வாரம் கீரையாகக் கொடுக்காதீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் தக்காளி, கீரை, கிழங்கின் அளவைத் தங்கள் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பெரியவர்களிடம் கொடுக்க வேண்டியது காய் மட்டும் இல்லை. பகல் முழுவதும் நாம் வேலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு, டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டிமார் நம் சபையில் உண்டு. ஒரு கட்டு கீரையோடு போய், அவர்களோடு உட்கார்ந்து ஆயுங்கள். எந்த இலையை எடுப்பது, எந்தத் தண்டை விடுவது என்று அவர்கள் கைக்குத் தெரியும். கீரை ஆய்கிற அரைமணி நேரத்தில் வருகிற ஊர்க்கதை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

இந்தக் கோடையில் வாலிபர் ஐக்கியம் செய்யக்கூடியவை

ஆராதனை முடிந்தபின் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். விளைந்ததில் மிஞ்சியதை யாரும் கொண்டுவரலாம், யாரும் எடுக்கலாம். தோட்டம் இல்லாதவர்கள் முதலில் எடுக்கட்டும். காயோடு ஒரு சிறு சீட்டு: பேர், பறித்த நாள், எப்படிச் சமைப்பது. கசப்பு பார்த்தாயிற்று என்று கூர்ஜெட் சீட்டில் எழுதுங்கள்.

பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளும் ஒவ்வொருவரும் இரவுச் சாப்பாட்டில் பாதித் தட்டுக் காய்கறி. அதில் ஒன்றாவது யாரோ ஒருவர் கையால் வளர்த்ததாக இருக்கட்டும். நாள்தோறும் தட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். செடியில் தொங்கும் காயின் படத்தைவிட இந்தப் படம் நமக்குச் சந்தோஷம் தரும்.

முப்பதைத் தொட்ட அண்ணன்மாரும் நாற்பதைத் தொட்ட அம்மாமாரும் குடும்ப டாக்டரிடம் போய் இதயப் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். கூடவே சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விதைக்கும் கைக்கும் விளையச் செய்கிற தேவனுக்கும் நடுவே நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை சிறியது: நேரத்தில் பறிப்பது, பத்திரமாகச் சமைப்பது, ஒருவருக்காவது கொடுத்துச் சாப்பிடுவது. இந்த அறுப்புக் காலத்தில் அதைக் குறைவில்லாமல் செய்ய அவர் நமக்கு உதவி செய்வாராக.